வலிப்பா, வலிப்பு நோயா? நாய், பூனை வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்



ஒரே ஒரு முறை வலிப்பு வந்ததை வைத்து எந்த நாய்க்கும் பூனைக்கும் வலிப்பு நோய் என்று முடிவுகட்ட முடியாது. வெளிப்படையான தூண்டுதல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு, குறைந்தது இரண்டு முறை வலிப்பு வந்திருந்தால்தான் கால்நடை மருத்துவம் அதை வலிப்பு நோய் என்று அழைக்கிறது. 2015இல் பன்னாட்டுக் கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு வெளியிட்ட ஒருமித்த அறிக்கைகள் இந்த வரையறையை உறுதிப்படுத்தின. நாட்பட்டு நீடிக்கும் நரம்பு நோய்களில் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். நூறு நாய்களை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஒன்றுக்கு, அல்லது அதற்கும் சற்றுக் குறைவாக, இது இருக்கிறது. பூனைகளில் இது அதைவிடக் குறைவு. ஆனால் வந்துவிட்டால் காரணம் தேடும் வேலை அதிகம்.

இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றைச் சோதனை எதுவும் கிடையாது. சர்க்கரை நோய்க்கு ரத்தத்தில் ஓர் அளவு இருப்பதுபோல, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருப்பதுபோல, வலிப்பு நோய்க்கு எதுவும் இல்லை. வேறு எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சி நிற்பதற்கு வைக்கும் பெயர் அது. மருத்துவரின் கண்ணெதிரே வலிப்பு வருவதோ அபூர்வம். மருத்துவமனைக்குள் நுழையும்போது அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஆகவே வீட்டில் பார்த்தவர் சொல்வதுதான் முதல் சான்று. பல நேரங்களில் ஆகப் பெரிய சான்றும் அதுவே. இந்த மடல் மருத்துவர்களுக்கு அல்லாமல் வளர்ப்போருக்கு எழுதப்படுவதன் காரணம் அதுதான்.

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் அந்தத் துடிப்பைத் தூண்டும். காபா அதை அடக்கும். இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை தொல்லை இல்லை. தூண்டல் மிகுந்தோ அடக்கல் குறைந்தோ ஒரு கூட்டம் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் துடித்தால் அதுவே வலிப்பு. அந்தக் கூட்டம் மூளையின் ஒரு மூலையில் இருந்தால் உடலின் ஒரு பகுதி மட்டும் துடிக்கும். மூளையின் இரு பக்கமும் சேர்ந்துகொண்டால் உடல் முழுவதும் துடிக்கும், நினைவு தப்பும்.

முழு வலிப்பு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மூன்று வயது லேப்ரடார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலையிலிருந்தே அது வழக்கத்துக்கு மாறாக ஆளை ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கும், அல்லது கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியிருக்கும். விடியற்காலையில், டைல்ஸ் தரையில் நகம் பிறாண்டும் சத்தத்தில் வீடு விழித்துக்கொள்ளும். நாய் ஒருக்களித்துக் கிடக்கும். கழுத்து பின்னுக்கு வளைந்து நான்கு கால்களும் விறைத்து நீண்டிருக்கும். சில நொடிகள் மூச்சே நின்றுவிட்டதுபோல் தோன்றும். பிறகு கால்கள் உதைக்கத் தொடங்கும். தாடை கடகடவென்று அடித்துக்கொள்ளும், எச்சில் நுரைத்துக்கொண்டு வழியும், சிறுநீரோ மலமோ அதன் கட்டுப்பாடின்றி வெளியேறும். கண் திறந்தே இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதன் பிறகு வருவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எழுந்த நாய் தள்ளாடும், சுவரில் முட்டும், இலக்கில்லாமல் அறையைச் சுற்றும், தீராப் பசியோடு கிண்ணத்தைத் தேடும், சில நேரம் கண் தெரியாததுபோல நடக்கும், வீட்டாரையே அடையாளம் தெரியாமல் உறுமும். இந்தக் குழப்பம் சில நிமிடங்களில் தீரலாம். ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். வலிப்பா இல்லையா என்ற கேள்விக்கு, உதைத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தைவிட அதைத் தொடர்ந்த குழப்பமே பல நேரங்களில் தெளிவான பதில் தருகிறது.

எல்லா வலிப்பும் இப்படிக் கீழே தள்ளுவதில்லை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிக்கும். ஒரு முன்னங்கால் மட்டும் தாளம் தவறாமல் வெட்டிவெட்டி இழுக்கும். காரணமில்லாமல் திடீரென்று பயந்து ஓடி ஒளியும். இல்லாத ஈயை வாயால் கவ்வும். இவை பகுதி வலிப்பாக இருக்கலாம். ஈயைக் கவ்வும் பழக்கம் சில நாய்களில் வயிற்றுக் கோளாறாலும் வருவதுண்டு என்பதால் அதைப் பார்த்த உடனே முடிவுக்கு வரலாகாது. பகுதி வலிப்பாகத் தொடங்கி, சில நொடிகளில் உடல் முழுக்கப் பரவுவது நாய்களிடம் அடிக்கடி நடப்பது. தொடக்கம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைக் கவனித்துச் சொல்பவர் மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறார். வலது முன்னங்கால் முதலில் துடித்தது என்றால், பழுது இடது பக்க முன்மூளையில் இருக்கலாம் என்று தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, வலிப்பைப்போலவே இருந்து ஏமாற்றுபவை. கண்டறிதலில் தவறு நேரும் முதல் இடம் இதுதான்.

இதயக் கோளாறால் வரும் மயக்கம் முதலில் நினைவுக்கு வர வேண்டும். மயங்கி விழும் நாய் பெரும்பாலும் ஓடும்போதோ, படி ஏறும்போதோ, வீட்டுக்காரர் திரும்பி வந்த பரபரப்பிலோ விழும். உடல் துவண்டுபோகும், ஈறு வெளுக்கும், சில நொடிகளில் தானாக எழுந்து எதுவும் நடக்காததுபோல நடக்கும். வலிப்பு பெரும்பாலும் ஓய்விலோ உறக்கத்திலோ வருகிறது, உடல் விறைக்கிறது, எழுந்த பின் குழப்பம் நீடிக்கிறது. இந்த வேறுபாடுகள் எல்லாம் பொதுவானவையே. மயக்கத்திலும் சில நொடி கால் விறைப்பதுண்டு, சிறுநீர் போவதுண்டு. சந்தேகம் இருந்தால் ஸ்டெதஸ்கோப்பும் ஈ.சி.ஜி.யும் முதலில் வர வேண்டும். இதயத் துடிப்பு தவறும் நாய்க்கு வலிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால், உண்மையான நோய் சிகிச்சையின்றி முற்றும்.

வயதான நாய்க்குக் காதின் உட்புறச் சமநிலை உறுப்பு திடீரென்று கெடுவதும் வீட்டாரை நடுங்க வைக்கும். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கருவிழி இடமும் வலமும் அலைபாய்ந்து, எழுந்தால் உருண்டு விழும். ஆனால் அதற்கு நினைவு இருக்கும். கூப்பிட்டால் காது திரும்பும். தொல்லை நிமிடக் கணக்கில் அடங்காமல் நாள் கணக்கில் நீடிக்கும். புல்டாக், பாக்ஸர், டாபர்மேன் வகைகளில் தலை மட்டும் ஆமாம் என்பதுபோலவோ இல்லை என்பதுபோலவோ ஆடுவதுண்டு. பிஸ்கட்டை நீட்டினால் ஆட்டம் நின்றுவிடும். வலிப்பு பிஸ்கட்டுக்கு நிற்காது. லேப்ரடார்களில் பரம்பரையாக வரும் ஒரு குறைபாட்டில், கால் மணி நேரம் வேகமாகப் பந்து துரத்திய பின் பின்னங்கால்கள் வலுவிழந்து சரிந்துவிடும். அதற்கு மரபணுச் சோதனையே இருக்கிறது. தசைகள் விட்டுவிட்டு முறுக்கிக்கொள்ளும் டிஸ்கைனீசியாவில் நாய் நடுங்கும், கால் மடங்கி நிற்கும், ஆனால் நினைவோடு ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உறக்கத்தில் காலை உதைத்து முனகுவது கனவுதான் என்பது பலருக்குத் தெரியும். மெல்லப் பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்வதே அதன் அடையாளம்.

இவ்வளவையும் வாயால் விவரித்து மருத்துவருக்குப் புரியவைப்பது கடினம். பதற்றத்தில் பார்த்தவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. வலிப்பு மருத்துவத்துக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த மலிவான, ஆனால் மிகப் பயனுள்ள கருவி கைப்பேசிதான் என்று சொன்னால் அது மிகையாகாது. படம் எடுக்கையில் முகம், கண், நான்கு கால்கள் எல்லாம் தெரிய வேண்டும். ஒரு முறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு அது திரும்புகிறதா என்பதும் பதிவாக வேண்டும். வலிப்பு நின்ற பின்னும் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டே இருந்தால் பிந்தைய குழப்பமும் கிடைத்துவிடும். வாய்க்குள் கை விடுவதும், நாக்கை இழுப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. நாய் நாக்கை விழுங்குவதில்லை, ஆனால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். இரும்புச் சாவியைக் காலடியில் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. மேசைக் காலும் மாடிப்படியும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மின்விசிறியைப் போட்டு, விளக்கைக் குறைத்தால் போதும்.

ஒரு நோட்டும் வேண்டும். தேதி, நேரம், எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, கடைசியாக எப்போது என்ன தின்றது, எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எழுந்து சரியாக எவ்வளவு நேரம் பிடித்தது, அன்று உண்ணி மருந்தோ பூச்சி மருந்தோ பட்டதா. இவ்வளவு போதும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டும்போது, சாப்பிட்ட பிறகே வலிப்பு வருகிறது என்பதோ, இடைவெளி மாதத்திலிருந்து வாரமாகச் சுருங்கிவிட்டது என்பதோ தானாகத் தெரியவரும்.

வலிப்புதான் என்று உறுதியானதும், காரணத்தைத் தேடும் வேலை மூன்று திசைகளில் போகிறது. மூளைக்கு வெளியே உடலில் எங்கோ கோளாறு. மூளைக்கு உள்ளேயே கட்டி, வீக்கம், காயம் போன்ற பழுது. இரண்டும் இல்லாமல் பரம்பரையாலோ அறியப்படாத காரணத்தாலோ வரும் வலிப்பு நோய். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் வயதுதான். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்த நாய்க்கு மூன்றாவது வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் பிறவிக் குறையும் தொற்றும் முன்னால் வந்து நிற்கின்றன. ஏழு, எட்டு வயதில் முதன்முதலாக வலிப்பு கண்ட நாய்க்கு மூளைக் கட்டி இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது தவறு.

வெளியே இருந்து வரும் காரணங்களில் இந்தியச் சூழலில் முதலிடம் நஞ்சுக்குத்தான் தர வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள், எலி மருந்து, கரைத்துக் குளிப்பாட்ட வேண்டிய உண்ணி மருந்தை அளவு பார்க்காமல் அப்படியே ஊற்றுவது, தரையில் சிந்திய கற்பூரம், அளவுக்கு மீறிய சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் எல்லாம் வலிப்பைக் கொண்டுவரும். நாய்க்கென்று விற்கப்படும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனையின் முதுகில் விட்டால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். பூனையின் கல்லீரலால் அந்த நஞ்சை முறித்து வெளியேற்ற முடிவதில்லை. வாய்வழி கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை உண்ணி மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு அவை பாதுகாப்பானவையே. ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய்க்குக் கொடுக்கும் முன் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் டப்பாவையும் உறையையும் கையோடு எடுத்துப் போவது சிகிச்சையையே மாற்றும்.

நஞ்சுக்கு அடுத்தது ரத்தத்தின் சீர்கேடு. பொமரேனியன், சிவாவா போன்ற சிறு வகைக் குட்டிகள் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். குட்டி போட்டுச் சில வாரம் ஆன தாய்க்குப் பால் சுரப்பில் கால்சியம் குறைந்து தசைகள் விறைக்கும். கல்லீரலைத் தொடாமலேயே ரத்தம் குறுக்கு வழியில் போய்விடும் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் ஷன்ட் என்பார்கள். கல்லீரல் வடிகட்டாத அம்மோனியாவும் பிற கழிவுகளும் மூளைக்கு ஏறி, இறைச்சி தின்ற சில மணி நேரத்தில் குட்டி தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும், சில நேரம் வலிப்பும் வரும். இவை எல்லாவற்றிலும் மூளை குற்றமற்றது. மூலக் கோளாறைச் சரிசெய்தால் வலிப்பு நின்றுவிடும். ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படாது.

தொற்றுகளில் டிஸ்டெம்பர் இன்னும் நம் தெருக்களை விட்டுப் போகவில்லை. தடுப்பூசி போடாத குட்டிக்கு முதலில் காய்ச்சலும் சளியும் பேதியும் வந்து, அது தேறிவிட்டது என்று நினைக்கும் வேளையில், சூயிங்கம் மெல்வதுபோலத் தாடை அசையும் வலிப்பு தொடங்கும். சில குட்டிகளில் உறக்கத்திலும் ஒரு கால் வெட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். ரேபிஸைப் பற்றி இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசி வரலாறு தெரியாத நாய்க்கு வலிப்போடு குணமாற்றமும், விழுங்க முடியாமையும், குரல் மாற்றமும், நடை தளர்வும் சேர்ந்திருந்தால் வெறுங்கையால் தொடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்; எச்சில் பட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இரண்டாவது, ரேபிஸ் வந்த நாய் நாளுக்கு நாள் மோசமாகி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். வலிப்பு வந்து, முழுதாகத் தேறி, வாரக்கணக்கில் நன்றாக இருந்து, மறுபடி வலிப்பு வரும் நாய்க்கு இருப்பது ரேபிஸ் அல்ல. வாயில் நுரை கண்டதும் வெறிநாய் என்று அடித்துக் கொல்லப்படும் தெரு நாய்களில் வலிப்பு கண்டவையும் இருக்கின்றன. இது தடுக்கக்கூடிய கொடுமை.

மருத்துவமனையில் நடப்பது என்ன என்று தெரிந்திருந்தால் வளர்ப்போர் பொறுமையாக ஒத்துழைக்க முடியும். பொதுப் பரிசோதனைக்குப் பின் நரம்பியல் பரிசோதனை. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. நாயை நடக்க விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். நிற்க வைத்து ஒரு பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைப்பார்கள். நல்ல மூளை உடனே பாதத்தைத் திருப்பி வைக்கும், பழுதுள்ளது அப்படியே விட்டுவிடும். கண்ணுக்கு நேரே கையை வேகமாகக் கொண்டுவந்து இமைக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதம் ஆகாத குட்டி இதைக் கற்றிருக்காது என்பதால் அது இமைக்காதது நோயல்ல. மூக்கின் உட்பக்கத்தைப் பஞ்சால் தொட்டுத் தலையை இழுக்கிறதா என்று இரு பக்கமும் ஒப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஆறுதல். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தால் எதிர்ப்பக்க மூளையில் பழுது இருக்கக்கூடும். இந்தச் சோதனையை வலிப்பு வந்த அன்றே செய்தால் பிந்தைய குழப்பமே பழுதுபோலக் காட்டும். அதனால் சில நாள் கழித்து மறுபடி பார்ப்பது முறை. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்துவிட்டால் மூளை முற்றிலும் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. மூளையின் முன் மடலில், மோப்ப நரம்பை ஒட்டி வளரும் கட்டிகள் நெடுநாள் வேறு எந்த அடையாளமும் காட்டாமல் வலிப்பை மட்டுமே காட்டுவதுண்டு.

பிறகு ரத்தமும் சிறுநீரும். வலிப்போடு வந்த எந்த விலங்குக்கும் முதல் சோதனை சர்க்கரைதான். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, சில நொடியில் பார்த்துவிடலாம். டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். அதோடு ரத்த அணுக்களின் எண்ணிக்கை, யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், அல்புமின், கால்சியம், சோடியம், பொட்டாசியம். நம் ஊர்ப் பகுதிகளில் உண்ணிக்காய்ச்சல்கள் அதிகம் என்பதால் எர்லிகியா, பபேசியா ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கல்லீரலைச் சோதிக்கப் பித்த அமிலச் சோதனை இருக்கிறது: பட்டினி வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, உணவு கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். ஷன்ட் இருந்தால் இரண்டாவது அளவு பல மடங்கு ஏறியிருக்கும். சிறுநீரில் அம்மோனியம் பையூரேட் படிகங்கள் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். வலிப்பும் ரத்தத்தை மாற்றும் என்பதை மறக்கக் கூடாது. தசைகள் கடுமையாக உழைத்ததால் சில நொதிகள் தற்காலிகமாக ஏறும். அது நோயல்ல.

இந்தச் சோதனைகள் மாத்திரை தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். வலிப்புக்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் ஃபீனோபார்பிட்டால் கல்லீரல் நொதிகளை உயர்த்தும், தைராய்டு அளவைக் குறைத்துக் காட்டும். மாத்திரை ஆறு மாதம் போன பின் ரத்தம் எடுத்தால் எது நோய், எது மருந்து என்று பிரிக்க முடியாது. ‘மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், நின்றால் வலிப்பு நோய்தான்’ என்ற குறுக்குவழியும் செல்லாது. கட்டியால் வரும் வலிப்பும் கொஞ்ச நாள் மாத்திரைக்கு அடங்கும்.

ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு முன்போ ஆறு வயதுக்குப் பின்போ தொடங்கிய வலிப்பு. வலிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நரம்பியல் பரிசோதனையில் தெரியும் குறை. முதல் முறையே ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தது அல்லது ஒரே நாளில் கொத்தாக வந்தது. தகுந்த அளவில் ஒரு மருந்து கொடுத்தும் அடங்காதது. இவற்றில் ஒன்று இருந்தால் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுகிறது. விலங்கு அசையாமல் கிடக்க முழு மயக்க மருந்து வேண்டும், செலவும் பெரிது, வசதி உள்ள இடங்களும் குறைவு. ஸ்கேனில் மூளையில் அழுத்தம் ஏறவில்லை என்று உறுதியான பிறகு, அதே மயக்கத்திலேயே பிடரிக்குக் கீழே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்து அணுக்களை எண்ணி, புரதத்தை அளப்பார்கள். மூளை அழற்சி அதில் தெரியும். கடுமையான வலிப்பு வந்த உடனே எடுத்த ஸ்கேனில் வலிப்பாலேயே ஏற்பட்ட வீக்கம் கட்டிபோலத் தெரிவதுண்டு. அதை உறுதிசெய்யச் சில மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

மனிதர்களுக்கு வலிப்பு என்றதும் எடுக்கும் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி., நாய் பூனைகளில் இன்னும் ஆய்வு நிலையங்களையும் ஒரு சில பெரிய மருத்துவமனைகளையும் தாண்டி வரவில்லை. மயிரடர்ந்த தோலில் மின்முனைகள் ஒட்டாது. தோலுக்கடியில் ஊசியாகச் செருக வேண்டும். விழித்திருக்கும் நாயின் காதும் இமையும் தாடைத் தசையும் அசைவதால் எழும் மின்னலைகள் மூளை அலைகளை மூழ்கடித்துவிடும். மயக்கம் கொடுத்தால் தேடும் அலையே அடங்கிப்போகலாம்.

இதையெல்லாம் கருத்தில் கொண்டுதான் 2015ஆம் ஆண்டுப் பணிக்குழு நாய்களுக்கு மூன்று படிநிலைகளை வகுத்தது. தகுந்த வயதில் 24 மணி நேர இடைவெளிக்கு மேல் இரண்டு வலிப்பு, இடையில் எந்தக் குறையும் இல்லாத பரிசோதனை, சரியான ரத்தமும் சிறுநீரும் என்றால் முதல் படி. பித்த அமிலமும் எம்.ஆர்.ஐ.யும் தண்டுவட நீரும் சரியாக இருந்தால் இரண்டாம் படி. இவற்றோடு இ.இ.ஜி.யிலும் வலிப்புக்குரிய அலை தெரிந்தால் மூன்றாம் படி. படி ஏற ஏற உறுதி கூடும். ஆனால் சிகிச்சை தொடங்க முதல் படியே போதும். ஸ்கேனுக்கு வசதியில்லாத குடும்பம், தன் நாய்க்கு எதுவும் செய்ய முடியாது என்று மனம் உடையத் தேவையில்லை. ஒரு நல்ல வீடியோ, ஒரு நோட்டு, அரை மணி நேரப் பரிசோதனை, ஒரு ரத்தச் சோதனை ஆகியவை பெரும்பாலான இளம் நாய்களுக்கு நம்பத்தக்க முடிவைத் தந்துவிடும்.

பூனைக்கு இந்தப் படிகளை அப்படியே பொருத்த முடியாது. பூனையின் வலிப்பு பல நேரம் முகத்தில்தான் இருக்கும்: மீசை துடிக்கும், எச்சில் ஒழுகும், பார்வை நிலைகுத்தும், திடீரென்று எதையோ கண்டு மிரண்டதுபோல அறைக்கு அறை பாய்ந்து எதிலாவது மோதும். பூனைகளில் காரணம் கண்டறியத்தக்க மூளைப் பழுதாக இருக்கும் வாய்ப்பு நாயைவிட அதிகம். இளம் பூனைக்கு எஃப்.ஐ.பி. என்ற கொரோனா வைரஸ் நோயும் டாக்சோபிளாஸ்மாவும், முதிர்ந்த பூனைக்கு மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டியும், சிறுநீரக நோயாலோ தைராய்டு மிகையாலோ ஏறும் ரத்த அழுத்தமும் சோதிக்கப்பட வேண்டும். கட்டி என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. பூனையின் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மூளைக்குள் ஊடுருவாது, அறுவை சிகிச்சைக்கு நன்றாக ஒத்துழைக்கும். பச்சை மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு வேறொரு ஆபத்து. சில மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. தயமின் குறைந்த பூனை கழுத்தை மார்போடு தாழ்த்தி வைத்துக்கொள்ளும், தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் ஊசி மருந்தில் தேறிவிடும். மீனை வேகவைத்துக் கொடுத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

வயதான பூனைகளில் ஒலியால் தூண்டப்படும் வலிப்பு ஒன்று உண்டு. அலுமினியத் தாள் கசங்கும் சத்தம், பீங்கான் கிண்ணத்தில் கரண்டி படும் ஒலி, சாவிக்கொத்து குலுங்குவது போன்ற கூர்மையான ஒலிகள் கேட்டால், பூனை ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருமுறை வெட்டித் துள்ளும். சத்தம் தொடர்ந்தால் முழு வலிப்பாக மாறும். சராசரியாக 15 வயதையொட்டி இது தொடங்குவதாகப் பிரித்தானிய ஆய்வு ஒன்று 2015இல் விவரித்தது. அதில் இடம்பெற்ற பூனைகளில் பலவற்றுக்குக் காது மந்தமாக இருந்ததும் தெரியவந்தது. காது கேட்காத பூனைக்கு ஒலியால் வலிப்பா என்று வீட்டாரே நம்பத் தயங்கியிருக்கிறார்கள். இங்கும் நோட்டும் வீடியோவும்தான் காட்டிக்கொடுக்கும் சாட்சி.

பரம்பரையைப் பொறுத்தவரை, சில வகைகளுக்கு மரபணுவே தெரிந்துவிட்டது. இத்தாலிய லகோட்டோ ரொமான்யோலோ குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களில் வரும் வலிப்பு நான்கு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும், எல்.ஜி.ஐ.2 என்ற மரபணுவின் மாற்றம் அதற்குக் காரணம். கம்பிமயிர்க் குட்டை டாஷ்ஹுண்டுகளில் நடுவயதில் வரும் லஃபோரா நோயில், திடீர் வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் உடல் வெட்டி அதிரும். இதற்கும் மரபணுச் சோதனை உண்டு. பீகிள், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பார்டர் கோலி போன்றவற்றில் பரம்பரைத் தொடர்பு தெரிந்தும் ஒற்றை மரபணு பிடிபடவில்லை. நாட்டு நாய்களுக்கும் கலப்பு நாய்களுக்கும் வலிப்பு நோய் வரவே வராது என்று நினைப்பது தவறு. வலிப்பு நோய் உறுதியான நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டி விற்றவரிடம் தகவல் சொல்வதும் வளர்ப்பவரின் பொறுப்பு. அதே ஈற்றின் பிற குட்டிகள் வேறு வீடுகளில் இருக்கின்றன.

எந்தக் கட்டத்திலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, இடையில் நினைவு திரும்பாமலே அடுத்தது தொடரும் வலிப்பு, 24 மணி நேரத்துக்குள் இரண்டுக்கு மேல் வருவது. இவற்றில் உடல் வெப்பம் ஏறி மூளைக்கே நிலையான சேதம் வரும். நள்ளிரவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்கான வலிப்பு மாத்திரையை வீட்டார் தாமாகவே கொடுப்பது ஆபத்து. பொட்டாசியம் புரோமைடு பூனையின் நுரையீரலைக் கெடுக்கும்; வாய்வழி டயஸெபாம் சில பூனைகளின் கல்லீரலை அழித்துவிடும். தொடங்கிய மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. நிறுத்திய வேகத்தில் முன்னைவிடக் கடுமையான வலிப்பு வரும்.

வலிப்பு கண்ட நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவதும், உயிர்போக்கும் ஊசி போட்டுவிடச் சொல்லி முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்பதும் நடக்கின்றன. காரணம் தெரியாமல் எடுக்கும் அந்த முடிவு, பல நேரங்களில் சர்க்கரைக் குறைவையோ உண்ணி மருந்தையோ காரணமாகக் கொண்ட, குணமாகக்கூடிய ஒரு விலங்கின் மேல் எடுக்கப்படுகிறது. காரணம் அறியப்படாத வலிப்பு நோய் உறுதியான நாய்களிலும் மிகப் பல, நாளுக்கு இரண்டு வேளை மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் ஓடியாடி வாழ்கின்றன. குடும்பத்தாரிடம் இந்த மடல் வேண்டுவது ஒன்றுதான்: அப்படி ஒரு முடிவைப் பேசும் முன், அந்த நாய்க்கோ பூனைக்கோ ஒரு முழுமையான நரம்பியல் பரிசோதனையும் ஒரு ரத்தச் சோதனையும் ஒரு சிறுநீர்ச் சோதனையும் கட்டாயம் செய்து பாருங்கள்.